ஊர் இரண்டுபட்டால் யாருக்குக் கொண்டாட்டம்? அங்கோலாவின் 27 ஆண்டுகள்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

சூடான் போரைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விவாதம் ஓடியது. ஒரு தம்பி எழுதினான்: "இரண்டு ஜெனரல்கள் நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறார்கள். உள்நாட்டு விவகாரம். இதில் உலகத்துக்கு என்ன வேலை?" உடனே இன்னொருவர் எழுதினார்: "எல்லாம் வெளிநாட்டுக்காரன் வேலை. அங்கே சண்டை போடுகிறவர்கள் வெறும் பொம்மைகள்." இரண்டு பக்கமும் கைதட்டல் குறிகள் குவிந்தன.

என் கருத்து, இரண்டும் பாதி உண்மை. முதல் பேச்சு வெளியிலிருந்து ஆயுதம் அனுப்புகிறவனைத் தப்பவிடுகிறது. இரண்டாவது பேச்சு உள்ளே இருந்துகொண்டு சொந்த மக்களைச் சுடுகிறவனைத் தப்பவிடுகிறது. நடந்துகொண்டிருக்கும் போரைப் பற்றி இதை விளக்கப் போனால் ஆளுக்கொரு காணொலியை எடுத்துக்கொண்டு வருவீர்கள். அதனால் முடிந்துபோன ஒரு போரை எடுத்துக்கொள்கிறேன். முடிந்த போரில் கணக்குப் பார்க்கலாம். யார் யாருக்குக் கொடுத்தார்கள், என்ன வாங்கிக்கொண்டார்கள், கடைசியில் யாருக்கு என்ன மிஞ்சியது என்பதெல்லாம் வெளியே வந்துவிட்டது.

அந்த நாடு அங்கோலா. 1975 முதல் 2002 வரை, 27 ஆண்டுகள் உள்நாட்டுப் போர்.

வரைபடத்தை எடுங்கள்

பழக்கம் விடவில்லை. ஆப்பிரிக்க வரைபடத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். தென்மேற்கில் அட்லாண்டிக் கரையோரம் ஒரு பெரிய நாடு. பரப்பில் நம் தமிழ்நாட்டைப் போல் ஒன்பது மடங்குக்கும் மேல். வடக்கே அன்று ஜைர் என்ற பெயரில் இருந்த காங்கோ. தெற்கே நமீபியா. அந்தக் காலத்தில் அது நிறவெறி தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்தது. வடமேற்கு மூலையில், காங்கோவின் ஒரு துண்டு நிலம் குறுக்கே வர, தனியாக நிற்கும் கபிண்டா என்ற சின்னப் பகுதியும் அங்கோலாவுக்கே சொந்தம். கபிண்டாவின் கடலில் எண்ணெய். நாட்டின் வடகிழக்கே லுண்டா பகுதியில் வைரம். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

அங்கோலா போர்ச்சுகலின் காலனி. 1961-ல் விடுதலைப் போர் தொடங்கியது. ஒரே இயக்கமாக இல்லை, மூன்றாக. முதலாவது எம்.பி.எல்.ஏ. அதன் தலைவர் அகோஸ்டினோ நெட்டோ, மருத்துவர், கவிஞர். தலைநகர் லுவாண்டாவும் அதைச் சுற்றியுள்ள ம்புண்டு மக்களும் அதன் பலம். இரண்டாவது எஃப்.என்.எல்.ஏ. ஹோல்டன் ராபர்ட்டோ தலைமையில், வடக்கில் பகோங்கோ மக்களிடம் செல்வாக்கு. மூன்றாவது யூனிட்டா. ஜோனாஸ் சவிம்பி 1966-ல் தொடங்கியது. நடு மேட்டுநிலத்து ஓவிம்புண்டு மக்கள் அதன் அடித்தளம்.

ஆக, பிளவு முதலிலேயே இருந்தது. மொழி, வட்டாரம், நகரம் கிராமம், தலைவர்களின் தன்முனைப்பு எல்லாம் சேர்ந்த பிளவு. அதை எந்த வெளிநாடும் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. "வெளிநாட்டுக்காரன் வேலை" என்று மட்டும் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஒரு கையெழுத்தும் நான்கு கடிதாசும்

1974 ஏப்ரல் 25-ல் போர்ச்சுகலில் ராணுவ அதிகாரிகள் சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்தார்கள். புதிய ஆட்சி காலனிகளை விட்டு வெளியேற முடிவு செய்தது. 1975 ஜனவரியில் அல்வோர் என்ற ஊரில் மூன்று இயக்கங்களும் போர்ச்சுகலும் சேர்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கூட்டாக இடைக்கால ஆட்சி, பிறகு தேர்தல், நவம்பர் 11 அன்று சுதந்திரம். காகிதத்தில் நல்ல திட்டம்தான்.

ஏன் நிலைக்கவில்லை? ஒவ்வொரு தலைவரின் சட்டைப்பையிலும் ஒரு வெளிநாட்டுக் கடிதாசு இருந்தது. ராபர்ட்டோவுக்கு ஜைர் அதிபர் மொபுட்டு துணை. சீனா அவர் ஆட்களுக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்தது. ஒப்பந்தம் ஆன அதே ஜனவரி மாதம் அமெரிக்கா அவருக்கு 3 லட்சம் டாலர் ரகசியமாக ஒதுக்கியது. நெட்டோவுக்கு சோவியத் ஆயுதமும் கியூபாவின் நட்பும். சவிம்பி அப்போது எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சில மாதங்களில் தென்னாப்பிரிக்காவின் கையைப் பிடித்தார்.

வெளியார் தலையீட்டின் முதல் கேடு இதுதான் என்று நினைக்கிறேன். ஓர் ஊரில் இரண்டு பங்காளிகள் வரப்புத் தகராறில் இருக்கிறார்கள். இருவருக்கும் கையில் காசில்லை, கோர்ட்டுக்குப் போனால் கட்டுப்படியாகாது. என்ன செய்வார்கள்? பெரியவர்களைக் கூப்பிட்டு, அளந்து கல் நட்டுக்கொண்டு, முறைத்துக்கொண்டாவது பிழைப்பைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் வெளியூரான் ஒருவன் மூத்தவனிடம் வந்து "வக்கீல் செலவு என்னுடையது" என்கிறான். இன்னொருவன் இளையவனிடம் அதையே சொல்கிறான். இனி அளக்க யார் வருவார்கள்? விட்டுக்கொடுப்பதற்கு இருந்த ஒரே காரணம் செலவு. அதை வெளியூரான் ஏற்றுக்கொண்டான். ஆனால் அடிபடும் தலை மட்டும் உள்ளூர்க்காரன் தலை.

தலையீடு தலையீட்டை அழைக்கும்

1975-ன் இரண்டாம் பாதியை மாதம் மாதமாகப் பாருங்கள். ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தது. வியட்நாமில் தோற்ற அமெரிக்கா, இன்னொரு இடத்தில் சோவியத் ஜெயிப்பதைப் பார்க்க விரும்பவில்லை. ஜூலையில் சி.ஐ.ஏ. மூலம் எஃப்.என்.எல்.ஏ., யூனிட்டா இரண்டுக்கும் பெரிய அளவில் பணமும் ஆயுதமும் அனுப்ப முடிவானது. அக்டோபரில் தென்னாப்பிரிக்க ராணுவமே எல்லை தாண்டி வடக்கே லுவாண்டாவை நோக்கி நகர்ந்தது. நவம்பர் முதல் வாரம் ஃபிடல் காஸ்ட்ரோ போர்ப்படையை அனுப்ப முடிவெடுத்தார். 1843-ல் கியூபாவில் கிளர்ச்சி செய்த அடிமைப் பெண் கார்லோட்டாவின் பெயரை அந்த நடவடிக்கைக்கு வைத்தார்கள். 1976 தொடக்கத்துக்குள் சுமார் 36,000 கியூபர்கள் அங்கோலாவில் இருந்தார்கள்.

சுதந்திர நாளுக்கு முதல் நாள், நவம்பர் 10, போர்ச்சுகலின் கடைசி ஆளுநர் "அதிகாரத்தை அங்கோலா மக்களிடம் ஒப்படைக்கிறேன்" என்ற பொருளில் அறிவித்துவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார். எந்த இயக்கத்தின் கையிலும் கொடுக்கவில்லை. அன்றைக்கு லுவாண்டாவின் எல்லையில், கிஃபாங்கோண்டோ என்ற இடத்தில், பீரங்கிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. சுதந்திரம் பிறந்தது அப்படித்தான்.

இப்போது கேளுங்கள், யார் முதலில் தொடங்கியது? அமெரிக்கா சொல்லும், சோவியத் ஆயுதத்துக்குப் பதில். சோவியத் சொல்லும், அமெரிக்கா சீனா பணத்துக்குப் பதில். தென்னாப்பிரிக்கா சொல்லும், கம்யூனிஸ்ட் அபாயம். கியூபா சொல்லும், தென்னாப்பிரிக்கப் படையெடுப்பு. வகுப்பில் இரண்டு பையன்கள் சண்டை போட்டுவிட்டு வந்து "அவன்தான் சார் முதலில்" என்பது போலத்தான். ஆனால் வகுப்பில் இரண்டு பேர், இங்கே ஏழெட்டு நாடுகள்.

தலையிடுகிறவன் நினைத்தது நடக்காது என்பதற்கும் இதே ஆண்டு சாட்சி. தென்னாப்பிரிக்கா உள்ளே வந்தது யூனிட்டாவுக்குக் கை கொடுக்க. விளைவு என்ன ஆயிற்று? அதுவரை யோசித்துக்கொண்டிருந்த நைஜீரியா, நிறவெறி அரசு வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போய், எம்.பி.எல்.ஏ. அரசை அங்கீகரித்தது. 1976 ஜனவரியில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு கூடியபோது 22-க்கு 22 என்று சரிபாதியாகப் பிரிந்து நின்றது. அடுத்த சில வாரங்களில் தராசு எம்.பி.எல்.ஏ. பக்கம் சாய்ந்தது. வேண்டாத விருந்தாளி வீட்டுக்காரனுக்கே கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தான்.

பொம்மை என்று யாரையும் நினைத்துவிடாதீர்கள்

"கைப்பாவை" என்று செய்தித்தாளில் எழுதுகிறார்கள். நூலை இழுத்தால் ஆடும் பொம்மை என்று பொருள். அங்கோலாவில் அப்படி யாரும் இல்லை.

காஸ்ட்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகமே அவரை மாஸ்கோ ஏவிவிட்டது என்று நினைத்தது. பின்னாளில் ஆவணங்கள் வெளியே வந்தபோது, 1975 நவம்பர் முடிவை அவர் மாஸ்கோவைக் கேட்காமலே எடுத்தார் என்று தெரிந்தது. தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான், அண்ணன் பின்னாலே பெட்ரோல் போட வேண்டியதாயிற்று.

சவிம்பி இன்னும் பெரிய ஆள். சீனாவில் பயிற்சி பெற்று மாவோ வழி பேசியவர். பிறகு நிறவெறி தென்னாப்பிரிக்காவின் கூட்டாளி. 1986 ஜனவரியில் வெள்ளை மாளிகையில் அதிபர் ரீகனோடு உட்கார்ந்திருந்தார், சுதந்திரப் போராளி என்ற பெயரோடு. அந்த ஆண்டே விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் ஸ்டிங்கர் ஏவுகணைகள் அவருக்குக் கிடைத்தன. வல்லரசுகள் அவரைப் பயன்படுத்திக்கொண்டன என்பது சரி. அவர் வல்லரசுகளைப் பயன்படுத்திக்கொண்டார் என்பதும் அதே அளவு சரி.

எதிர்ப்பக்கம் புனிதர்கள் இருந்தார்கள் என்றும் எண்ண வேண்டாம். 1977 மே மாதம் எம்.பி.எல்.ஏ.வுக்குள்ளேயே ஒரு பிரிவு நெட்டோவுக்கு எதிராகக் கிளம்பியது. கியூபப் படை உதவியோடு அது அடக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த களையெடுப்பில் பல ஆயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். "நம்ம பக்கம்" என்று கொடி பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

சிரிப்பதா அழுவதா

இப்போது கபிண்டா எண்ணெய்க்கு வருவோம். அங்கே எண்ணெய் எடுத்தது அமெரிக்காவின் கல்ஃப் ஆயில் நிறுவனம், பிறகு அது செவ்ரானோடு சேர்ந்தது. அந்த எண்ணெய்ப் பணம் எம்.பி.எல்.ஏ. அரசின் கஜானாவுக்குப் போயிற்று. அந்தப் பணத்தில்தான் அரசு போர் நடத்தியது, சோவியத் ஆயுதம் வாங்கியது. அமெரிக்க நிறுவனத்தின் எண்ணெய்க் கிணறுகளை யார் காவல் காத்தார்கள்? கியூப வீரர்கள். யாரிடமிருந்து? அமெரிக்கா ஆதரித்த தரப்பிடமிருந்து. 1985-ல் அந்த எண்ணெய் நிலையங்களைத் தகர்க்க வந்த தென்னாப்பிரிக்கக் கமாண்டோக்களில் ஒருவர் கபிண்டாவில் பிடிபட்டார்.

முதலாளித்துவம், கம்யூனிசம் என்று மேடையில் பேசிய பேச்செல்லாம் கபிண்டா கரைக்கு வந்ததும் கரைந்துவிட்டது. கொள்கைக்காக ஒரு கை ஏவுகணை கொடுத்தது, லாபத்துக்காக இன்னொரு கை எதிரியின் கஜானாவை நிரப்பியது. நடுவில் செத்தவன் அங்கோலாக்காரன்.

இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. தெற்கே இருக்கும் நமீபியாவுக்குச் சுதந்திரம் தர வேண்டும் என்று 1978-லேயே ஐ.நா. பாதுகாப்பு அவையின் 435-வது தீர்மானம் வந்துவிட்டது. ஆனால் 1981-க்குப் பிறகு அமெரிக்காவும் தென்னாப்பிரிக்காவும், "கியூபப் படை அங்கோலாவை விட்டுப் போனால்தான் நமீபியாவுக்கு விடுதலை" என்று முடிச்சுப் போட்டன. ஒரு நாட்டுக்காரனின் விடுதலை, பக்கத்து நாட்டில் இருக்கும் மூன்றாம் நாட்டுப் படையைப் பொறுத்தது என்றாயிற்று. நமீபிய மக்கள் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். வெளியார் உள்ளே வந்தால், அவர்களின் மற்ற சண்டைகளும் அவர்களோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடும்.

எல்லாத் தலையீடும் ஒன்றுதானா?

என் மாணவர்களில் இடதுசாரிப் பிள்ளைகள் சிலர் இந்த இடத்தில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும், நியாயம் இருக்கிறது. நிறவெறி ராணுவம் எல்லை தாண்டி வந்ததும், அதைத் தடுக்க அரசு கேட்டு கியூபா வந்ததும் ஒன்றா? ஒன்றில்லை. 1987-88-ல் குய்ட்டோ குவானவாலேயில் நடந்த பெரும் சண்டைக்குப் பிறகுதான் தென்னாப்பிரிக்கா பேச்சுவார்த்தை மேசையில் உருப்படியாக உட்கார்ந்தது. இரு பக்கமும் வெற்றி தங்களுடையதே என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆனால் 1988 டிசம்பர் 22-ல் நியூயார்க்கில் ஒப்பந்தம் ஆனது, 1990 மார்ச் 21-ல் நமீபியா விடுதலை பெற்றது. சிறையிலிருந்து வெளியே வந்த மண்டேலா 1991-ல் கியூபாவுக்கே போய் நன்றி சொன்னார். அந்தப் போரில் உயிர்விட்ட கியூபர்கள் சுமார் 2,000 பேர். அவர்களை நான் கேலி பேச மாட்டேன்.

ஆனால் ஒரு கேள்வியை வைக்கிறேன். அந்த உதவி நமீபியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் விடிவைத் தந்தது. அங்கோலாவுக்கு என்ன தந்தது? அங்கே போர் இன்னும் 14 ஆண்டுகள் நடந்தது. தலையீடு நல்லதா கெட்டதா என்று கேட்டால் மட்டும் போதாது. யாருக்கு நல்லது, யார் தலையில் செலவு என்றும் கேட்க வேண்டும்.

கூத்தாடி போன பிறகும்

"ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்று பழமொழி. அதில் ஒரு குறை உண்டு. கூத்தாடி போய்விட்டால் ஊர் ஒன்றாகிவிடும் என்று நம்மை நினைக்க வைக்கிறது. அங்கோலாவில் கூத்தாடி போனான். தென்னாப்பிரிக்கப் படை 1988-ல் போயிற்று. கடைசி கியூப வீரன் 1991 மே மாதம் போனான். அந்த ஆண்டு முடிவதற்குள் சோவியத் ஒன்றியமே இல்லை. பனிப்போர் முடிந்தது. போர் முடிந்ததா?

1991 மே 31-ல் போர்ச்சுகலில் அரசும் யூனிட்டாவும் பிசெஸ் ஒப்பந்தத்தைச் செய்தன. 1992 செப்டம்பரில் தேர்தல். அதைக் கண்காணிக்க ஐ.நா. அனுப்பிய ராணுவப் பார்வையாளர்கள் எத்தனை பேர் தெரியுமா? 350. ஒன்பது தமிழ்நாடு அளவுள்ள நாட்டுக்கு, இரண்டு பெரிய படைகளின் ஆயுதங்களைக் களைய, 350 பேர். அதற்கு மூன்றே ஆண்டு முன்னால், மக்கள்தொகையில் மிகச் சிறிய நமீபியாவுக்கு ஐ.நா. அனுப்பியது சுமார் 8,000 பேர். சண்டைக்கு அள்ளிக் கொடுத்தவர்கள் சமாதானத்துக்குக் கிள்ளிக் கொடுத்தார்கள்.

தேர்தலில் அதிபர் டோஸ் சான்டோஸ் 49.57 சதவீதம், சவிம்பி 40.07 சதவீதம். பாதியைத் தாண்டாததால் இரண்டாம் சுற்று நடந்திருக்க வேண்டும். சவிம்பி முடிவை ஏற்கவில்லை. அக்டோபர் கடைசியில் லுவாண்டா தெருக்களில் யூனிட்டா ஆதரவாளர்கள் வேட்டையாடப்பட்டார்கள். யூனிட்டா மறுபடி காட்டுக்குப் போயிற்று. அடுத்த இரண்டு ஆண்டுகள் முந்தைய 16 ஆண்டுகளைவிட மோசம். குய்ட்டோ நகரம் மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது. போரிலும் பசியிலும் நோயிலும் ஒரு நாளைக்கு 1,000 பேர் வரை செத்தார்கள் என்று 1993-ல் ஐ.நா. சொன்னது.

வெளிநாட்டுக்காரன் போன பிறகு காசு எங்கிருந்து வந்தது? இங்கேதான் வைரம் வருகிறது. யூனிட்டா லுண்டா வயல்களைப் பிடித்துக்கொண்டது. 1992 முதல் 1998 வரை வைரத்தில் மட்டும் அதற்குச் சுமார் 370 கோடி டாலர் கிடைத்தது என்பது ஒரு மதிப்பீடு. வல்லரசு கொடுத்த பணத்தைவிட அதிகம். அரசுக்கு எண்ணெய், யூனிட்டாவுக்கு வைரம். கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் காலத்து ஆயுதங்கள் மலிந்து கிடந்தன. கொள்கைக்காரன் போன இடத்தில் வியாபாரி வந்தான்.

1993-ல் அரசு ஒரு தென்னாப்பிரிக்கத் தனியார் படை நிறுவனத்தைக் கூலிக்கு அமர்த்தியது. பெயர் எக்சிகியூட்டிவ் அவுட்கம்ஸ். அதில் வந்தவர்கள் பலர் பழைய நிறவெறி ராணுவத்தின் சிறப்புப் படையினர். சில ஆண்டுகள் முன்புவரை யூனிட்டாவோடு தோளோடு தோள் நின்று எம்.பி.எல்.ஏ.வைச் சுட்ட அதே ஆட்கள், இப்போது எம்.பி.எல்.ஏ.விடம் சம்பளம் வாங்கிக்கொண்டு யூனிட்டாவைச் சுட்டார்கள்.

1998-ல் யூனிட்டா வைரத்துக்கு ஐ.நா. தடை விதித்தது. தடை ஏன் பலிக்கவில்லை என்று ஆராய்ந்த ஐ.நா. நிபுணர் குழு 2000-ல் வெளியிட்ட அறிக்கையில், யூனிட்டாவுக்கு உதவியதாக டோகோ, புர்கினா ஃபாசோ நாடுகளின் அதிபர்கள் பெயரே இருந்தது. அதையொட்டி எழுந்த கூச்சலில்தான் வைரத்துக்குச் சான்றிதழ் கேட்கும் கிம்பர்லி நடைமுறை 2003-ல் வந்தது. உலகத்து வைரத்தில் பெரும்பகுதி பட்டை தீட்டப்படுவது நம் சூரத்தில். நகைக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னும் கல்லில் அது தோண்டப்பட்ட ஊரின் பெயர் எழுதியிருக்காது. தூரத்துப் போர் நமக்கும் எட்டும் தூரம்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

2002 பிப்ரவரி 22-ல் கிழக்கே மோக்சிக்கோ மாகாணத்தில் சவிம்பி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறு வாரத்தில், ஏப்ரல் 4 அன்று, போர்நிறுத்தம் கையெழுத்தானது. மொத்தச் சாவு 5 லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள். வீடு வாசல் இழந்தவர்கள் சுமார் 40 லட்சம் பேர். மண்ணுக்குள் எல்லாத் தரப்பும் புதைத்த கண்ணிவெடிகள் வேறு. 1997 ஜனவரியில் இளவரசி டயானா கவச உடை போட்டு நடந்த வயல் அங்கோலாவின் உவாம்போ நகரில் இருந்தது. போர்க் கையெழுத்து முடிந்த பிறகும் அந்த வெடிகள் காலை எடுத்துக்கொண்டுதான் இருந்தன. ஒப்பந்தம் ஆனது கண்ணிவெடிக்குத் தெரியாது.

மூன்று கேள்விகள்

இனி ஒரு நாட்டில் உள்நாட்டுப் போர் என்று செய்தி வந்தால், எந்தப் பக்கம் நல்லவன் என்று தேடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: வெளியிலிருந்து கொடுக்கிறவன் அதை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்கிறான்? எண்ணெயா, வைரமா, தங்கமா, துறைமுகமா, இல்லை எதிரிக்கு ஒரு தலைவலியா?

இரண்டு: அவன் தரும் உதவி, சண்டைக்காரனைப் பேச்சுவார்த்தைக்குத் தள்ளுகிறதா, அதிலிருந்து தள்ளி வைக்கிறதா? காயத்துக்குக் கட்டுப்போடும் மருந்தும் உதவி என்ற பெயரில்தான் வரும், ஏவுகணையும் அதே பெயரில்தான் வரும்.

மூன்று: இவன் நாளைக்குப் போய்விட்டால் அந்த இடத்துக்கு வர யார் காத்திருக்கிறார்கள்?

சூடானுக்கு வாருங்கள். 2023 ஏப்ரல் 15-ல் ராணுவத் தளபதி புர்ஹானுக்கும் ஆர்.எஸ்.எஃப். படைத்தலைவர் ஹெமெட்டிக்கும் இடையே வெடித்த போர். ஆர்.எஸ்.எஃப். படைக்கு ஐக்கிய அரபு அமீரகம் ஆயுதம் தருகிறது என்பது குற்றச்சாட்டு, அமீரகம் மறுக்கிறது. ராணுவத்தின் பக்கம் எகிப்து நிற்கிறது. ஈரானிய, துருக்கிய ட்ரோன்களும் ராணுவத்துக்குக் கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. நடுவில் தங்கம். ஐ.நா. ஆயுதத் தடை 2004-லிருந்து இருக்கிறது, ஆனால் டார்ஃபூர் பகுதிக்கு மட்டும். மற்ற இடத்துக்கு வந்து இறங்கும் துப்பாக்கி டார்ஃபூருக்கு நடந்து போகாதா? ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள். போர் தொடங்கியபோது அங்கிருந்த நம்மவர்களை இந்திய அரசு ஆபரேஷன் காவேரி என்று கப்பலும் விமானமும் அனுப்பி அழைத்து வந்தது. சூடான்காரனை அழைத்துப் போக எந்தக் கப்பலும் வரவில்லை.

அங்கோலாவைப் படித்தவனுக்கு இது பழைய பாடம், புதிய அட்டை. எண்ணெய், வைரம் இருந்த இடத்தில் தங்கம். மாஸ்கோ, வாஷிங்டன் இருந்த இடத்தில் வளைகுடா நாடுகளும் மற்றவர்களும். அதனால்தான் "இரண்டு ஜெனரல்களின் சண்டை" என்று விட்டுவிடவும் எனக்கு மனம் வரவில்லை, "எல்லாம் வெளியார் சதி" என்று அந்த ஜெனரல்களை விட்டுவிடவும் மனம் வரவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். பெரிய திட்டம் என்னிடம் இல்லை. ஆனால் அங்கோலாவைப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவு. ஆயுதம் வரும் வழியையும் பணம் வரும் வழியையும் சேர்த்து அடைத்தால்தான் பேச்சு நிலைக்கும், ஒன்றை மட்டும் அடைத்தால் இன்னொன்று வழியாக வரும். சமாதானத்துக்கு அனுப்பும் ஆட்கள் கணக்குக்கு அனுப்பும் ஆட்களாக இருக்கக் கூடாது. நம் நாட்டு வீரர்களும் 1995-க்குப் பிறகு ஐ.நா. படையில் அங்கோலாவில் பணிபுரிந்தார்கள். அப்படிப்பட்ட வேலைக்கு இந்தியா இன்னும் அதிகம் கேட்க வேண்டும், கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். தோற்றவனுக்கு நாட்டில் ஓர் இடம் உண்டு என்ற நம்பிக்கையையும் தேர்தலுக்கு முன்பே கொடுக்க வேண்டும். எல்லாம் ஜெயித்தவனுக்கு என்றால், தோற்றவன் துப்பாக்கியைத்தான் தேடுவான்.

நம்மால் ஆனது ஒன்று உண்டு. வேறொரு நாட்டுப் போரை கிரிக்கெட் ஆட்டம் போல் பார்த்து, ஒரு பக்கத்துக்குக் கைதட்டி, ட்ரோன் விழும் காணொலியை இசை சேர்த்து அனுப்பாமல் இருப்பது. அந்த ட்ரோனுக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடமும் இருக்கும்.

கடைசியாக ஒரு கணக்கு. 1992 தேர்தலில் யூனிட்டாவுக்கு 220 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் 70 இடங்கள் கிடைத்தன. அதை மதிக்காமல்தான் அதன் தலைவர் மறுபடி போருக்குப் போனார். 2002-க்குப் பிறகு யூனிட்டா ஆயுதத்தைக் கீழே வைத்து எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. 2022 தேர்தலில் சுமார் 44 சதவீத வாக்கு வாங்கியது, தலைநகர் லுவாண்டாவிலேயே முதலிடம் பிடித்தது. துப்பாக்கியால் 27 ஆண்டில் பிடிக்க முடியாத லுவாண்டாவை வாக்குச்சீட்டால் ஜெயித்தார்கள். 1992-ல் காலியாக இருந்த அந்த நாற்காலியில்தான் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறார்கள். இடைப்பட்ட பத்து ஆண்டில் செத்தவர்கள் எதற்காகச் செத்தார்கள்? இந்தக் கேள்விக்கு அங்கோலாவின் தலைவர்களும் பதில் சொல்ல வேண்டும், அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களும் பதில் சொல்ல வேண்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், படித்துப் பதில் சொல்கிறேன். ஒருவரையொருவர் திட்டாமல் எழுதுங்கள், அது ஒன்றுதான் நிபந்தனை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் ஆப்பிரிக்க வரைபடத்தைக் கொடுத்து அங்கோலா எங்கே, சூடான் எங்கே என்று ஒரு முறை கேளுங்கள். தொட்டுக் காட்டட்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.